ஜமீலாக்கா வரைந்த காடு

ஜமீலாக்கா காலமான செய்தி எனக்கு ரயிலில் வந்தது. வழக்கம்போல நீடாமங்கலத்திலிருக்கும் என் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலியமங்கலம் தாண்டி, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் மகன் ரியாஸ் கூப்பிட்டான். "டீச்சர், உம்மா தவறிட்டாங்க. நாகூர்ல, மாமா வீட்டுல. விடியத் தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்லையாம். நான் சென்னையிலேர்ந்து வந்துகிட்டிருக்கேன்." நீடாமங்கலம் வந்தது. நான் இறங்கவில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அதே வண்டியில் நாகூர் போய்ச் சேர்ந்தேன்.

தஞ்சாவூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை அறியாதவர்கள் இல்லை. எங்களில் பலரும் அவர் வீட்டில் நோன்புக்கஞ்சி குடித்திருக்கிறோம். எனக்கு அவர் அறிமுகமானது ஒரு புகாரோடு. நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் கதவைத் தட்டினார். "டீச்சர், கோச்சுக்காதீங்க. உங்க பாத்ரூம் தண்ணி என் காட்டுக்குள்ள வருதுங்க."

"காடா?" என்றேன்.

"கீழ வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். கூடத்தின் நீளச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும் பச்சை. குடை அகலத்துக்கு இலைகள், காட்டு வாழை, பெரணி, அவற்றின் மேல் சுற்றி ஏறும் கொடிகள், ஆங்காங்கே தாழம்பூ அளவுக்குச் சிவப்புப் பூக்கள். நம் வயலின் பச்சை அல்ல அது; வெயில் உள்ளே இறங்காத இடத்தின் பச்சை. மேல் மூலையில் மட்டும் ஈரம் பரவி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரோ டீ போடப் போய்விட்டார்.

பிளம்பர் வந்து எங்கள் குழாயைச் சரிசெய்தார். சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, ஜமீலாக்கா கொப்புளங்களைச் சுரண்டி எடுத்தார். பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தார். பிறகு மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "பிளம்பர் வேலை உங்க வீட்டுல முடிஞ்சிடுச்சு. பெயின்ட் வேலை நம்ம ரெண்டு பேருக்கும்." கையில் ஒரு பட்டை பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஓவியப் பாடத்தைக் கண்டாலே ஒளிந்துகொண்டவள் நான். முதலில் அடர்பச்சை, அது காய்ந்ததும் அதன்மேல் வெளிர்பச்சை என்று சொல்லிக்கொடுத்தார். நான் போட்ட முதல் இலை மண்வெட்டிபோல வந்தது. அழிக்கத் துணி தேடினேன்.

"விடுங்க டீச்சர். இது அக்ரிலிக், அரை மணி நேரத்துல காய்ஞ்சிடும். தப்பாப் போனா அழிக்க வேணாம், மேல இன்னொரு இலை போட்டுக்கலாம்."

"இந்தச் சுவர்ல அப்படிப் போட்ட இலை எத்தனைக்கா?"

"பாதிக்கு மேல," என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காட்டில் ஒரு பறவைகூட இல்லை. அந்தக் கூடத்தில்தான் அவர் தொழுவார். அதனால் பறவை, விலங்கு, மனிதர் எதையும் வரைய மாட்டார். குடியிருப்புக் குழந்தைகள் வந்து, "கிளி எங்க?" என்று கேட்டால், "இருக்கே, இலைக்குப் பின்னாடி. சத்தம் போடாம பாருங்க," என்பார். குழந்தைகள் மூச்சுவிடாமல் நின்று பார்த்துவிட்டு, நிஜமாகவே கண்டுவிட்டதாகச் சொல்லிப் போவார்கள்.

அவர் கணவர் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். கடையின் பின்கதவைத் திறந்தால் காடு என்றும், மழை பெய்தால் இலைகளில் விழும் ஓசையில் பேச்சே கேட்காது என்றும் சொல்வாராம். அங்கேயே மாரடைப்பில் இறந்து, அங்கேயே அடக்கமானார். மகன் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தான். ஜமீலாக்காவிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. இத்தா என்னும் நாலு மாதத் துக்க காலம் முடிந்து தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தவர், ஸ்டேஷனரிக் கடையில் பெயின்ட் டப்பாக்களை வாங்கி, யூடியூபைப் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்தார். "சுத்தி இவ்வளவு பச்சை இருக்கு, சுவர்ல வேறயா?" என்று யாரோ கேட்டதற்கு, "இது மச்சான் பார்த்த பச்சைங்க," என்றார். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

நாகூரில் பெண்களோடு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சில வாரங்கள் கழித்து ரியாஸ் வீட்டை ஒழுங்குபடுத்த வந்தான். டீ கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவன் சொன்னான்: "வாப்பாவை அடக்கம் பண்ணப் போனப்போ அந்தக் கடையைப் பார்த்தேன் டீச்சர். பின்கதவைத் திறந்தா கார் நிறுத்துற இடம். ஒரு சாக்கடை, வரிசையா ஏசி மெஷினு. ஒரு செடி கிடையாது."

"உம்மாவுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் நான் சொல்லலை. இவங்க பாதிச் சுவர் வரைஞ்சு முடிச்சப்போ மனசு கேக்காம சொல்லிட்டேன். பிரஷ்ஷைக் கீழ வைக்கவே இல்ல டீச்சர். 'தெரியும்டா. அவரு சொல்றதுல போன வாரம் கதவுக்கு நேரா நின்ன மரம் இந்த வாரம் கிணத்தடிக்குப் போயிடும். நான் ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன். வேலை முடிச்சு அலுத்து வந்து, எனக்காக ஒக்காந்து யோசிச்சுச் சொல்றாரேன்னு கேட்டுகிட்டிருப்பேன்'னாங்க."

சொல்லிவிட்டுச் சுவரில் கையை வைத்தான். அந்தக் கூடத்துக்கு மட்டும் வெள்ளையடிக்கப் போவதில்லை என்றான்.

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மாலையில் போன் செய்து, "சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்," என்பாள். குரலை வைத்தே பொய் என்று கண்டுபிடித்துக் குறுக்கு விசாரணை செய்வேன். அவள் எரிச்சலோடு வைத்துவிடுவாள். இப்போது அப்படிச் செய்வதில்லை. "என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்கிறேன். கீரைக்கூட்டு, வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜமீலாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதைத்தான்.