இடது பக்கம் மலை

அந்தச் சிவப்பு வண்டியை எனக்குக் கொடுத்தவர், எங்கள் மாடியில் குடியிருந்த பெங்களூர்ப் பெரியவர். எல்லாவற்றையும் துறக்கப் போவதாகச் சொல்லித்தான் ஆசிரமத்துப் பக்கம் வந்தார். துறந்ததை எங்கேயாவது இறக்கி வைக்கத்தானே வேண்டும்? அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான். என் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டே சீட், துணிக்கூரை, தரையை ஒட்டின உடம்பு. பந்தயத்துக்குச் செய்த கார். புருஷன் வீட்டை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்த எனக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மாடியில் அப்போது குடியிருந்தவர்களுக்குப் பால் வாங்க அடி அண்ணாமலை போய், போன வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். மலை இடது பக்கம். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. டிராக்டரில் கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

"வலமாப் போற மலையை இடமாச் சுத்துனா சாமி சும்மா வுடுமா?" என்றார் வழியில் இருந்த டீக்கடைக்காரர்.

"பஸ்ஸு தெனம் ரெண்டு பக்கமும் போவுது. அதையும் கேட்டு வைங்க" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அது ரொம்பக் கம்மி.

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். "விஜயதசமி அன்னிக்கு ஓடணும். இல்லன்னா காயலான் கடைக்காரன் வந்து எடுத்துக்குனு போவான். சொல்லிட்டேன்."

"வண்டி என் பேர்ல இருக்குண்ணா."

"எடம் என் பேர்ல இருக்கு."

டாக்ஸிகளைப் பார்க்கும் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் அடியில் புகுந்து, "கிராஸ் போயிடுச்சிக்கா" என்றார். முன்னால் இருக்கும் இன்ஜினின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு நீள இரும்புக் குழாய். அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு இணைப்பு உண்டு, அதுதான் கிராஸ். பின்பக்கத்துக் கிராஸ் உடைந்து துண்டாகியிருந்தது. சீமை வண்டிக்கு இங்கே எங்கே கிடைக்கும் என்று நான் கவலைப்பட, அவர் தன் பையிலிருந்து அம்பாசிடர் கிராஸ் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். அளவு எடுத்தாற்போல உட்கார்ந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

குழாயைக் கழற்றும் முன் குழாயிலும் வண்டியிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரே நேராகக் கோடு போட்டார். "பின்னாடி நாலு போல்ட்டுக்கா. நாலு மாதிரியும் ஒக்காரும். ஆனா இருந்த மாதிரியே ஒக்கார வச்சாத்தான் சரி. இல்லன்னா வேகத்துல ஒதறும்."

புதுக் கிராஸ் அடித்த குழாயை அவர் ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். பூஜையன்று ஸ்பேனரைத் தொட மாட்டார். மறுநாள் விஜயதசமியன்று மாட்டுவதாகப் பேச்சு.

பூஜையன்று காலையில் அம்மா வீட்டில் இருந்த இரும்பையெல்லாம் துடைத்தாள். அரிவாள்மணை, தையல் மெஷின், அண்ணனின் ஸ்கூட்டர். அந்தக் குழாயையும் விடவில்லை. ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து, பட்டை போட்டு, அழகாகக் குங்குமம் வைத்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் குழாயைத் தூக்கிய மெக்கானிக் அப்படியே நின்றார். "கோடு எங்கக்கா?"

அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. "அழுக்குன்னு நெனச்சேன்டி."

வண்டிப் பக்கத்துக் கோடு மட்டும் இருந்தது. குத்துமதிப்பாக மாட்டி, செங்கம் ரோட்டில் விரட்டினேன். கொஞ்சம் வேகம் பிடித்ததுமே கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் ஆட ஆரம்பித்தன. திரும்பி வந்தால் வாசலில் காயலான் கடைக்காரர் தட்டுவண்டியோடு நிற்கிறார். அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஓடச் சொன்னா ஆடுதாமே. வுட்டுடு" என்றார் அண்ணன்.

"வுட மாட்டேன்" என்றேன். என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "அவரு இன்னொரு டீ குடிக்கட்டும்."

போல்ட்டைக் கழற்றி, குழாயை ஒரு ஓட்டை தள்ளித் திருப்பினார் மெக்கானிக். ஓட்டினேன். ஆடியது. மறுபடி கழற்றி, இன்னொரு ஓட்டை தள்ளி மாட்டினார். செங்கம் ரோட்டில் முழு வேகத்தில் போனேன். ஸ்டியரிங் கையில் அசையாமல் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஏறும்மா" என்றேன். அம்மாவை உட்காரவைத்து அடி அண்ணாமலை வரைக்கும் போய், அதே வழியில் திரும்பினேன். மலை இடது பக்கம் வந்ததும் அம்மா, "இப்பிடிப் போலாமாடி?" என்றாள்.

"வூட்டுக்குத்தானேம்மா போறோம்."

டீக்கடை வந்ததும் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினேன்.

திரும்பி வந்தபோது காயலான் கடைக்காரர் போய்விட்டிருந்தார். அண்ணன் அவராகவே கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வுடு" என்றார்.

"எடம் உங்க பேர்ல இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில், அவர் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினேன். அதற்கப்புறம் வருஷக்கணக்காக அங்கேதான் நின்றது. வெயிலில் பெயிண்ட் உரிந்தது. மழையில் துணிக்கூரை கிழிந்தது. கிராஸ் போகவே இல்லை.