பச்சையாகத் தெரிந்த ஊர்

கலைப்பிரியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பனமலை ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிற இந்த ஊருக்கு அவள் மருமகளாக வந்து சில வருடங்கள் ஆகின்றன. ரேஷன் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அவள் கோபப்பட்டதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். எனக்கும் இந்த ஊர் மேல் கோபம் இருக்கிறது.

விழுப்புரத்தில் கல்லூரி முடித்தவள். திண்டிவனத்தில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. பயிர்க் காப்பீட்டுக்காகச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வது அந்தக் கம்பெனியின் தொழில். பயிர் வளர வளர வயல் மேலிருந்து பச்சையாகத் தெரியும். கதிர் முற்றினால் பச்சை குறையும், அறுத்துவிட்டால் வெறும் மண் தெரியும். சில நாளைக்கு ஒருமுறை எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, எந்த வயலில் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆனால் எந்தப் பச்சை நெல், எது கரும்பு, எது வெறும் புல் என்று அதற்கு முதலில் யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். கலைப்பிரியா செய்தது அதைத்தான். ஊர் ஊராகப் போய் வயலில் இறங்கி, செல்போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்புவாள்.

அந்த வருடம் கார்த்திகைப் புயலில் ஏரி நிரம்பி வழிந்தது. பள்ளத்து வயல்களில் சம்பா நெல் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போனது. தண்ணீர் வடிந்த சேற்றில் கோரைப்புல் முளைத்தது. மார்கழி முடிவதற்குள் ஊரே பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. மேட்டில் இருந்த கொஞ்சம் நெல்தான் தப்பியது.

இங்கேதான் எங்கள் ஊரின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அழிந்த பயிரை இங்கே யாரும் வெளியாளுக்குக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அடுத்த பட்டத்தில் விதைப்பதும் விளங்காதாம். வயலில் நின்றுகொண்டு ஒன்றுமே விளையவில்லை என்று சொன்னால் பூமியைக் குறை சொன்னதாகுமாம். இதெல்லாம் பேச்சுக்கு. உண்மையில் வறட்டுக் கௌரவம், வேறொன்றும் இல்லை. படம் எடுக்க வந்தவளை ஆளாளுக்கு மேட்டு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வயல்காரர் ராஜாமணி, பள்ளத்தில் இறங்கப் போனவளைக் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

வேறு ஊராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது இறங்கியிருப்பாள். இங்கே அவளுடைய மாமனார் துரைக்கண்ணுவே முன்னால் நின்று மேட்டைக் காட்டினார். நாத்தனார் பானுப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் வீட்டு நிலம் பாழ் என்று பேர் வந்துவிடக் கூடாதாம். அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் எங்கள் ஊரிலிருந்து மேட்டுப் படங்கள் மட்டுமே போய்ச் சேர்ந்தன.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அதற்குக் காட்டியதெல்லாம் நல்ல நெல். கோரையின் பச்சையையும் நெல் என்றே எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் பயிர் தேறிவிட்டது என்று சொல்லிவிட்டது. காப்பீடு கிடையாது என்று ஆனது. அது கிடைக்காவிட்டால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வழியில்லை. மோப்பம் பிடித்ததுபோல் செங்கல் சூளைக்காரர் சவுரிராயன் வந்துவிட்டார். மேல்மண்ணை வெட்டி எடுத்துக்கொள்ளட்டுமா என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். மேல்மண் போன நிலத்தில் அப்புறம் என்ன விளையும்? துரைக்கண்ணுவும் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

கலைப்பிரியா திண்டிவனத்துக்குப் போய் மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். தான் அனுப்பிய படங்களே தப்பு, வேலையை விட்டு எடுத்தாலும் சரி, ஆள் அனுப்பி நிலத்தைப் பாருங்கள் என்று கத்தினாள். முதலில் முடியாது என்றார்கள். அவள் போகாமல் உட்கார்ந்துவிட்டதால் ஒரு அதிகாரி வருவார் என்று ஒப்புக்கொண்டார்கள். வந்து ஊரில் சொன்னாள். சொல்லிவிட்டு மரக்காணம் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். கோரையைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அதிகாரியோடு அவள் வந்து இறங்கியபோது ஊரில் ஒரு கோரைகூட இல்லை. ஆபீசர் வருகிறார் என்று எல்லோருமாகச் சேர்ந்து அறுத்து, மாட்டுக்குப் போட்டது போக மீதியை அள்ளிக் கொட்டி, டிராக்டர் விட்டு உழுதும் வைத்திருந்தார்கள். துரைக்கண்ணு சலவை வேட்டியில் வரப்பில் நின்றார்.

"இப்ப எடும்மா. பாக்க லட்சணமா இருக்குது" என்றார்.

அதிகாரி கையில் இருந்த செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தார். பச்சை ஏறியிருக்கிறது, தையில் இறங்கியிருக்கிறது, இப்போது மண். இதைவிடச் சுத்தமான அறுவடை இருக்க முடியாது. விளைச்சல் எப்படி என்று மரியாதைக்குக் கேட்டார். ஏதோ சுமார் என்றார் துரைக்கண்ணு. ராஜாமணி தலையை ஆட்டினார்.

கலைப்பிரியா மாமனாருக்கு நேராகப் போய் நின்றாள்.

"மாமா, பள்ளத்துல இருந்து ஒரு மூட்ட நெல்லு வூட்டுக்கு வந்துச்சா? சொல்லுங்க. நீங்க கௌரவம் பாத்துக்கினு நில்லுங்க. சூளைக்காரன் மண்ண அள்ளிக்கினு போயிடுவான். அப்பால எங்க ஏரு ஓட்டுவீங்க, ரோட்டுலயா?"

அத்தனை பேர் முன்னால் ஒரு மருமகள் மாமனாரை இப்படிக் கேட்டதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. இதெல்லாம் ஒரு பேச்சா என்று சொல்லிக்கொண்டே ராஜாமணி நடையைக் கட்டினார். அடுத்தது தங்களைக் கேட்டுவிடுவாளோ என்று மற்றவர்களும் நழுவினார்கள். துரைக்கண்ணு மட்டும் போகவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினார்.

"அழுவிப் போச்சுங்க" என்றார். "பள்ளத்துல ஒரு கதிரு கூட மிஞ்சல. இது கோர அறுத்த நெலங்க."

வாயால் சொன்னால் போதாது, வயலில் நின்று சொல்வதை வீடியோ எடுத்துக் கொடுங்கள் என்றார் அதிகாரி. கலைப்பிரியா செல்போனைத் தூக்கினாள். முதல் தடவை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மறுபடியும் சொல்லுங்கள் என்றாள். அவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிலம் போயிருக்கும். அவர் உழுத மண்ணில் இறங்கி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுக்கச் சொன்னார்.

துரைக்கண்ணுவின் வயலுக்கு மட்டும் காப்பீடு கிடைத்தது. சொல்லாத மற்ற எல்லோருடைய வயலும் அறுவடை முடிந்த வயலாகவே நின்றுவிட்டது. பங்குனியில் ராஜாமணியின் நிலத்தில் மேல்மண் வெட்டப் பொக்லைன் இறங்கியது.

கலைப்பிரியா வரப்பில் நின்று எல்லோரையும் திட்டித் தீர்த்தாள். பயிர் அழுகியபோது எட்டிப் பார்க்காத கம்பெனியை, மண்ணுக்கு விலை பேசிய சூளைக்காரரை, லட்சணம் பார்த்த ஊரை. தள்ளி நின்று லாரியில் மண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாமணியின் மனைவி கெங்கம்மாள் அவள் பக்கத்தில் வந்தாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு உன் மாமனார நிக்க வெச்சுக் கேட்ட மாரி, எங்க வூட்டு ஆளையும் புடிச்சு நிறுத்தி நாலு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாடி?"