அகற்றப்பட்டிருந்தது

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் பி.ஏ. தமிழ் சேர்ந்தபோது ஞானஜோதிக்கு முப்பத்தேழு வயது. பகலில் பம்மலில், தோல் கையுறை தயாரிக்கும் ஒரு சிறிய பட்டறையில் ஆபீஸ் வேலை. பதினொரு வருடமாக அந்தப் பட்டறையிலிருந்து போன கடிதமெல்லாம் அவள் எழுதியதுதான். முதலாளி ஷ்யாம்சுந்தர் விஷயத்தை ஒரு வரியில் சொல்வார். அவள் அதை ஒரு பக்கமாக்கிக் கொண்டுவந்து வைப்பாள். "ஜோதி எழுதினா ஒரு புள்ளி மாத்த வேண்டாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அந்தப் பாராட்டை நம்பித்தான் அவள் தமிழ் படிக்கவே கிளம்பினாள்.

இரண்டாம் வருடத்தில் கட்டுரை எழுதப் பழக்கும் பாடம் ஒன்று இருந்தது. நடத்தியவர் ரேஷ்மா, ஜோதியைவிட எட்டு வயது சின்னவர். முதல் கட்டுரைக்கு ஜோதி தங்கள் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகையை எழுதிக் கொடுத்தாள். ஏற்பாடுகள் செய்யப்பட்டன, காணிக்கைப் பொருட்கள் ஏலம் விடப்பட்டன, மதிய உணவு வழங்கப்பட்டது என்று இரண்டு பக்கம். திரும்பி வந்த தாளில் ஒன்பது இடத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: யார்?

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டாள். "இது தப்பா மேடம்?"

"தப்பில்லக்கா. ஆனா இவ்ளோ பெரிய விழாவுல ஒரு ஆள்கூட இல்லையே. சாப்பாடு போட்டது யாரு?"

"நாங்கதான். எங்க மாதர் சங்கம். நான் சாம்பார் வாளி தூக்கினேன்."

"அந்த வாளி எங்கக்கா இதுல?"

அன்றைக்கு ஜோதிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விடவில்லை. அடுத்த நான்கு மாதத்தில் அவள் எழுத்து மெல்ல மாறியது. ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத ஒருத்தி தன் குழந்தையை இவள் மடியில் வைத்துவிட்டு குரோம்பேட்டை வரை போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்ததை எழுதினாள். அதைப் படித்த கணவன் ஜாய்சன், "நீயா எழுதின இதை?" என்று இரண்டு தடவை கேட்டான். ஜோதி அன்று முழுவதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

கடைசிப் பயிற்சியாக ரேஷ்மா ஒன்று கொடுத்தார். "நீங்க முன்னாடி எழுதினது எதையாவது எடுங்க. கடிதமோ டைரியோ எதுவானாலும் சரி. அதை இப்ப எழுதற மாதிரி திரும்ப எழுதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு, நீங்க எவ்ளோ தூரம் வந்திருக்கீங்கன்னு சொல்லுங்க."

ஜோதியிடம் டைரி கிடையாது. பழைய எழுத்தெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். அதில் எதற்கு அதிகம் பாராட்டு கிடைத்தது என்று யோசித்தாள். மூன்று வருடத்துக்கு முன், தோல் வெட்டும் பிரஸ் மிஷினில் ரத்தினம் என்கிற தொழிலாளியின் வலது கையில் மூன்று விரல் போனது. அதற்கு அவள் எழுதிய விபத்து அறிக்கையைப் படித்த பட்டறை வக்கீல், இத்தனை சுத்தமான அறிக்கையைத் தான் பார்த்ததில்லை என்றார். இழப்பீடு எதுவும் இல்லாமல், ஆஸ்பத்திரிச் செலவோடு எல்லாம் முடிந்துபோனது. அதையே ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஜாய்சன் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அறிக்கை இப்படி ஆரம்பித்தது: 'பணியாளரின் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது. இயந்திரத்தின் பாதுகாப்பு வலை அகற்றப்பட்டிருந்த நிலையில், அதனைக் கவனியாது கை உள்ளே செலுத்தப்பட்டது.'

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எத்தனை 'பட்டது'! பழக்கதோஷத்தில் 'அகற்றப்பட்டிருந்த' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் 'யார்?' என்று எழுதினாள். பக்கத்தில் புது வாக்கியத்தைத் தொடங்கினாள். வலையை மெக்கானிக் கழற்றினார். மெக்கானிக்கைக் கூப்பிட்டது யார்?

பென்சில் நின்றுவிட்டது.

ஷ்யாம்சுந்தர் தன் அறை வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. "ஜோதி, அந்த வலை இருந்தா வேலை ஓடமாட்டேங்குது. ஆர்டர் நிக்குது. மெக்கானிக்க வரச் சொல்லு, கழட்டிப் போடட்டும்." அவள் போன் செய்தாள். "நாளைக்குக் காலைல வந்து வலைய கழட்டிடுங்கண்ணா" என்று தன் வாயாலேயே சொன்னாள். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால். அறிக்கை எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை. இந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை. எதையாவது மறைக்க வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். மறைக்கிறோம் என்றே தெரியாமல் மறைத்திருந்தாள்.

"என்னாச்சு? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" ஜாய்சன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தான்.

"அந்த வலைய நான்தான் கழட்டச் சொன்னேன் ஜாய்சன்."

முழுக்கக் கேட்டுவிட்டு அவன், "முதலாளி சொன்னாரு, நீ போன் பண்ண. அவ்ளோதானே?" என்றான்.

"அவ்ளோதான்னா அதை ஏன் நான் எழுதல?"

அவன் அறிக்கையை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்து நேராகப் பம்மலில் ரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் இப்போது மாடம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அன்று அவருக்கு விடுமுறை. "அட, ஆபீஸ் ஜோதிம்மா! உள்ள வா" என்று சந்தோஷமாக எழுந்தார். அவர் மனைவி செல்லியம்மாள் சேரைத் துடைத்துப் போட்டாள்.

ஜோதிக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "அண்ணா, அன்னைக்கு மிஷின்ல வலை ஏன் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னாமா, இப்ப போயி அதைக் கேக்கறே? காமாலை வந்து ரெண்டு வாரம் வூட்ல படுத்துகினு இருந்தேன். அன்னிக்கிதான் வேலைக்கு வந்தேன். எப்பவும் தோலைத் தள்ளுனா கை அந்த வலைல இடிச்சு தானா நின்னுக்கும். அன்னிக்கி நிக்கல. பாக்காம தள்ளுனது என் தப்புதானே."

"உங்க தப்புன்னு யாருண்ணா சொன்னது?"

ரத்தினம் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீதாம்மா. ஆஸ்பத்திரில வந்து படிச்சுக் காட்னியே! எனுக்கு அப்ப ஒரே மயக்கம், ஒண்ணும் நெனப்பில்ல. நீ படிச்சதைக் கேட்டுத்தான், ஓ இப்டி நடந்துகீதுன்னு நானே தெரிஞ்சுகினேன். அவ்ளோ தெளிவா எழுதியிருந்தே. இடது கைல ரேகை வெச்சேன்."

முதலாளியைத் திருப்திப்படுத்தியது ஜோதிக்குத் தெரியும். வக்கீலை நம்பவைத்தது தெரியும். விரலை இழந்தவரையே அந்தத் தாள் நம்பவைத்திருந்தது.

செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள். "மூணு வருசமா நானும் இந்தாளத் திட்டிகினுதான் கீறேன். கண்ண எங்க வெச்சுகினு வேலை செஞ்சேன்னு."

ஜோதி சொல்லிவிட்டாள். யார் கழற்றச் சொன்னது, யார் போன் செய்தது, எப்போது, எல்லாம். ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடவில்லை.

ரத்தினம் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேணும்னே கழட்டுனாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். செல்லியம்மாள் கையில் டம்ளரோடு நின்றவள் ஜோதியைப் பார்க்கவேயில்லை. புருஷனிடம் திரும்பி, "அப்ப நான் திட்டுனதெல்லாம்?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுகை ஓய்ந்ததும் ரத்தினம் கேட்டார். "இதை எழுதிக் குடுப்பியாமா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'ஷ்யாம்சுந்தர் வலையைக் கழற்றச் சொன்னார். நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ரத்தினம் அப்போது விடுப்பில் இருந்தார். திரும்பி வந்த அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.' ஐந்து வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாள். ஷ்யாம்சுந்தர் கத்தவில்லை. பழைய அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்து, அடியில் இருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது உன்னுதுதானே? நான் சொன்னது ஒரு வரி, 'விபத்து நடந்துச்சு, எழுது'ன்னு. வலை 'அகற்றப்பட்டிருந்தது'ன்னு எழுதச் சொன்னேனா? கவனக்குறைவுன்னு சொன்னேனா?"

அவர் சொன்னது உண்மை. அவர் கேட்காததையும் அவர் மனசறிந்து எழுதியவள் அவள்தான்.

"ரெண்டுல எது பொய்னு கேப்பாங்க ஜோதி. என்ன சொல்வ?"

"மொதல்ல எழுதினது சார்."

அன்று மத்தியானமே வேலை போய்விட்டது.

சர்ச்சில் பழக்கமான வக்கீல் லாசரஸ் மூலம் ரத்தினம் இழப்பீடு கேட்டு மனு போட்டார். அந்த வாரக் கடைசியில் ஜோதி வகுப்புக் கட்டுரையையும் கொடுத்தாள். அதன் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். முன்பும் நான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் மேடம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.'

ரேஷ்மா தாளைக் கையில் பிடித்தபடி வராந்தாவுக்கு ஓடிவந்தார். "அக்கா, இது நிஜமா? நான் வாக்கியத்தைத் திருத்தத்தான் சொன்னேன்…" தாளை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, இதை வகுப்பில் படிக்கலாமா என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். அது ரத்தினம் அண்ணாவோட விஷயம்."

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. ஜோதி மூன்று முறை போய்ச் சாட்சி சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் பழைய அறிக்கையை அவளிடமே காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார்கள். ரத்தினத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜோதி இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். மூன்றாம் வருடப் பரீட்சை நெருங்குகிறது.

ரத்தினம் எப்போதாவது போன் செய்து நலம் விசாரிப்பார். செல்லியம்மாள் இன்றுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் ஜோதி அவர்கள் வீட்டுக்குப் போனபோது குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜோதி தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.