யாரும் நியமிக்காத அதிகாரி

“பர்மிட் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஓர்வல் ஹென்ஷா காலை வணக்கம் சொல்வார். இருந்தால் வணக்கத்தோடு ஒரு சிரிப்பும் உண்டு. இல்லையென்றால் வணக்கமே கிடையாது. நேராக, மாநில நிலத்தில் பர்மிட் இல்லாமல் கால் வைக்கக் கூடாது என்கிற ஏழாவது விதிதான்.

அரிசோனா மாநிலத்துக்குச் சொந்தமான பொட்டல் தொடங்குகிற வேலியோரம், ஒரு மெஸ்கீட் மர நிழலில் அவருடைய மடக்கு நாற்காலி. பக்கத்தில் ஐஸ் பெட்டி, கழுத்தில் தொலைநோக்கி, மடியில் தலையணைத் தடிமனுக்கு ஒரு விதிக் கோப்பு. மேலே மினுமினுக்கும் ஆரஞ்சு மேலங்கி. அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் அரசாங்க ஆள் என்று பயந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள். அது ஹார்டுவேர் கடையில் தள்ளுபடியில் வாங்கியது என்று அவரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

ஒருநாள் ஒரு பெண்மணி நடந்துவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு கல் வைத்திருந்தார். போதாதா ஓர்வலுக்கு?

“அம்மா, அந்தக் கல்ல எடுத்த எடத்துலயே வச்சிருங்க.”

“ஒரு கல்லுதானே சார்? இங்க கல்ல விட்டா வேற என்ன இருக்கு?”

“ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போனா மாநிலத்துக்கு மிஞ்சறது என்ன?”

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே அரை மைல் திரும்பி நடந்தார். ஓர்வலும் பின்னாலேயே போனார். கல்லைக் கீழே வைத்ததும் குனிந்து பார்த்தார். “கவுத்துப் போட்டுட்டீங்க. வெள்ளப் பக்கம் மேல இருந்திருக்கும்.”

இன்னொரு நாள் ஒரு தம்பதி சூரியன் சாய்வதைப் பார்க்க வந்தார்கள். மனைவி சாலையோரத்தில் நின்றார், கணவர் வேலிக்கு உள்ளே இரண்டடி தள்ளி நின்றார். “அவங்க சூரியனப் பாக்கலாம். நீங்க பாக்கணும்னா பர்மிட் வேணும்” என்று ஓர்வல் கறாராகச் சொல்லிவிட்டார். இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஓஹாயோவில் ஓர் ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் முப்பத்தொரு வருஷம் சீட்டுக் கிழித்தவர் அவர். முழங்கால் வலிக்கு வெயில் நல்லது என்று யாரோ சொல்ல, மனைவி டார்லீனோடு இங்கே வந்து குடியேறினார். வந்த முதல் மாதம் இதே பொட்டலில் நாயைக் கூட்டிக்கொண்டு காற்றாட நடந்தவரை ஒரு வேட்டைக்காரர் நிறுத்தி, பர்மிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அப்படி ஒரு சங்கதி இருப்பதே ஓர்வலுக்குத் தெரியாது. கூனிக் குறுகிப் போனார். அன்றைக்கே பர்மிட் வாங்கினார், விதிகளை மனப்பாடம் செய்தார், அடுத்த வாரமே நாற்காலியும் வாங்கிவிட்டார். தான் பட்ட அவமானத்தை ஊருக்கெல்லாம் பங்கு வைக்காமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

“ஏங்க, இதுக்கு ஏதாச்சும் சம்பளம் உண்டா?” என்பார் டார்லீன். “நிலத்துறைக்காரங்களே பேசாம இருக்காங்க.”

“அவங்க பேசாம இருக்கறதாலதான்டி நான் பேச வேண்டியிருக்கு.”

நிலத்துறை அலுவலகத்துக்கு வாரம் தவறாமல் கடிதம் போடுவார். ஒரே ஒருமுறை பதில் வந்தது: “உங்கள் அக்கறைக்கு நன்றி. தயவுசெய்து யாரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டாம்.” முதல் வாக்கியத்தைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வாக்கியம் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

அந்த நிலத்தில் மாடு மேய்க்கும் குத்தகை ரமோனா பூஸ்தமாந்தேயுடையது. நாற்பத்தோரு வருஷமாக. அவரிடமும் ஓர்வல் மூன்று தடவை பர்மிட் கேட்டிருக்கிறார். “இந்த மண்ணுல என் பசங்க பொறந்ததுக்கும் சேத்து பர்மிட் வேணுமா தோன் ஓர்வல்?” என்று ரமோனா சிரித்துக்கொண்டே ஜீப்பை எடுத்துப் போவார். ‘தோன்’ என்றால் இங்கே பெரிய மனிதர். அது கேலி என்று தெரியாமல் ஓர்வலுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்த ஜூனில் வெயில் கொளுத்தியது. மேற்கு மேய்ச்சலில் இருந்த குட்டை வறண்டு வெடித்துவிட்டது. கிழக்குப் பக்கம் பம்பும் தொட்டியும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் உள்ள கேட்டைத் திறந்து, முள்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பல் பிடுங்கிக்கொள்ள டூசான் நகரத்துக்குப் போனார் ரமோனா. மாடுகள் தாமாக வந்து குடித்துவிட்டுப் போகும். யாருக்கும் வேலையில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கேட் ஓர்வல் கண்ணில் பட்டது.

கேட்டின் மேல் பழைய பலகை: “சாத்தவும்.” கோப்பில் பதினோராவது விதி: “இருந்தபடியே விட்டுச் செல்லவும்.” பாவம், மனிதர் வெயிலில் பத்து நிமிஷம் தவித்தார். பிறகு தெளிந்தார். திறந்திருப்பதே குற்றம்; குற்றத்தை இருந்தபடியே விடுவது அதற்கு உடந்தை. எனவே சாத்தினார். திறந்தவன் மறுபடி வந்தால் சிரமப்படட்டும் என்று கம்பியை எட்டு முறுக்கு முறுக்கினார். போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க, நாற்காலியைக் கேட் பக்கமே போட்டுக்கொண்டார். மறுபக்கத்தில் மாடுகள் வந்து குவிந்திருந்தன. முப்பதுக்கு மேல் இருக்கும். கேட் கம்பியை நக்கின, கத்தின, ஒன்றையொன்று முட்டித் தள்ளின.

“கூட்டம் போடாதீங்க. பின்னால போங்க” என்று அவற்றுக்கும் சொன்னார். டார்லீனுக்குப் போன் போட்டு, “மாடுங்க என்னையே பாத்துக்கிட்டு நிக்குதுங்கடி. ஒண்ணு ரெண்டு நல்லாப் படுத்துத் தூங்குது” என்றார். ஐஸ் பெட்டியைத் திறந்து சோடா குடித்தார். அதை முப்பது மாடுகளும் பார்த்தன.

மதியம் ரமோனாவின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. தொட்டியில் தண்ணீர் தளும்புவதையும், சுற்றிலும் ஒரு புதுக் குளம்புத் தடம்கூட இல்லாததையும் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஓர்வல் எழுந்து நின்றார்.

“ஆக, கேட்டத் தொறந்தது நீங்கதானா?”

“தொறய்யா அத!”

“அம்மா, பதினோராவது விதி என்ன சொல்லுதுன்னா...”

“விதியா? ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லய்யா அதுங்களுக்கு! காது கேக்கல ஒமக்கு? இவ்ளோ கத்துது!”

ஓர்வல் அப்போதுதான் திரும்பி மாடுகளைப் பார்த்தார். வாயோரம் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

ரமோனா கம்பியை இழுத்துப் பார்த்தார். எட்டு முறுக்கு, அசையவில்லை. “நீரு கட்டுனது. நீரே அவுரும்.”

வெயிலில் கம்பி அடுப்பில் போட்டதுபோல் கொதித்தது. முறுக்கு ஒவ்வொன்றுக்கும் விரலை ஊதிக்கொண்டே அவிழ்த்தார். கடைசி முறுக்கு கழன்றதுதான் தாமதம், முன்னால் நின்ற மாடு கேட்டை நெஞ்சால் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. நாற்காலியை மிதித்துக்கொண்டு பின்னால் பத்து மாடுகள் தொட்டியை நோக்கி ஓடின.

வேலியோரம் தூங்குவதாக அவர் நினைத்திருந்த இரண்டில், தாய்ப்பசு தள்ளாடி எழுந்தது. அதன் கன்று எழவில்லை. ரமோனா மண்டியிட்டு அதன் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார் ஓர்வல். அந்த ஒரு கணம் மனிதர் உண்மையாகவே வருந்தினார். அதை மறுப்பதற்கில்லை.

“தெரியலன்னா கேக்கணும். போறவன் வர்றவனையெல்லாம் கேக்கறீங்க இல்ல? இத மட்டும் ஒரு வார்த்த என்னக் கேக்க வாய் வரலியா?”

ஓர்வல் கேட் பக்கமாக நகர்ந்து நின்றார். பின்தங்கிய மாடுகள் ஒவ்வொன்றாக, தலை தொங்க, அவரைக் கடந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன. முதல் இரண்டு மாடுகள் போகும்வரை தலையைக் குனிந்தே நின்றார். மூன்றாவது மாடு வந்தபோது நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொட்டியின் பக்கம் கையைக் காட்டி, “ம், போகலாம்” என்றார்.