பள்ளிக்கூடத்து வராந்தாவில் அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பலருக்கு அவர் சட்டை தைத்துக் கொடுத்தவர். சிலருக்குத் தாய் போன்றவர். தங்கையான எனக்கு இரண்டும்தான்.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், அக்கா பிறந்தார். எங்கள் தாயார் இறந்தபோது அவர் பதுளையில் மாமா வீட்டில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். அத்துடன் படிப்பை நிறுத்திவிட்டு வந்து, சின்னப் பிள்ளையாக இருந்த என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் வளர்த்தார். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் குடும்பத்து அம்மாவிடம் தையல் பழகினார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டபோது, ஒரு தையல் மெஷினோடு என்னையும் கூட்டிக்கொண்டே போனார்.

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே கூடம். ஒரே மாஸ்டர். நல்ல மனிதர். ஆனால் பெண்பிள்ளை பெரியவளானதும் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். ஆண் ஒருவரே இருக்கும் இடத்துக்கு வயதுக்கு வந்த பிள்ளையை எப்படி அனுப்புவது என்பது அவர்களுடைய கவலை. அடுத்த மாதமே அந்தப் பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடும்.

எங்கள் லயத்தில் இருந்த செல்வமணிக்கும் அதுவே நடக்கவிருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அக்கா அவளுடைய தகப்பனாரிடம் பேசப் போனார். நானும் கூடப் போனேன்.

"மாஸ்டர் மேல ஒரு குத்தமும் இல்ல தங்கச்சி. ஆனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அங்க ஒரு பொம்பள இருந்தா வேற விசயம்," என்றார் அவர்.

அக்கா சற்று யோசித்தார். "நான் இருக்கேன் அண்ணே. என் மெஷின அங்க கொண்டு போயிர்றேன். வீட்டுல தைக்கிறத அங்க உக்காந்து தைக்கிறேன். புள்ள என் கண்ணு முன்னாலதானே இருக்கும்?"

"நீங்க இருக்கிற வரைக்கும் வரட்டும். நீங்க வராத அன்னிக்கு என் புள்ளையும் வராது."

மாஸ்டர் சம்மதித்தார். அத்தானும் அவருடைய நண்பரும் மெஷினைத் தூக்கிப் போய் வராந்தாவில் வைத்தார்கள். செல்வமணி வந்தாள். அவளைப் பார்த்து, நிறுத்தப்பட்டிருந்த மேலும் சில பெண்கள் திரும்பி வந்தார்கள். மாஸ்டர் ஆறாம் வகுப்புத் தொடங்கினார். அக்கா பாடம் நடத்தவில்லை. பட்டன் வைப்பதும் கிழிசல் தைப்பதும் கேட்டவர்களுக்குச் சொல்லித் தந்தார். மற்ற நேரமெல்லாம் அங்கே இருந்தார், அவ்வளவுதான். "சும்மா எதுக்கு அங்க போய்க் கெடக்கிற?" என்று அத்தானின் அம்மா கேட்பார். அக்கா சிரித்துவிட்டு, சோற்றைக் கட்டிக்கொண்டு போவார்.

அடுத்த மழைக்காலத்தில் அத்தானுக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, கண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருக்க அக்கா போயே ஆகவேண்டும். கிளம்பும்போது, "நான் போய் உக்காரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"நீயே கலியாணம் ஆகாத பொண்ணு. உன்ன நம்பி யாரு அனுப்புவா?" என்றார். அத்தானைப் பற்றிய பயம் போதாதென்று, அந்தப் பெண்களைப் பற்றிய கவலையும் அவர் முகத்தில் தெரிந்தது.

பல வாரங்கள் கழித்து, அத்தானைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டது, "செல்வமணி கொழுந்துக்குப் போயிட்டாளா?"

"நீங்களே போய்ப் பாருங்க," என்றேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வராந்தாவில், மெஷினுக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்வமணியின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்தார்.

"நேத்து வரைக்கும் பொம்பளைங்க மாறி மாறி வந்தாங்க தங்கச்சி. புள்ள பெத்து வீட்டுல இருந்தவங்க, காலு முடியாதவங்கன்னு யாராச்சும் ஒருத்தரு. இன்னிக்கு யாருக்கும் தோதுப்படல. அதான் நானே வந்து உக்காந்துட்டேன்."

"உங்க வேலை அண்ணே?"

"ஒரு நாள் போனாப் போகட்டும். புள்ளைங்க பாடம் கெடக்கூடாதுல்ல."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷின் மேலிருந்த தூசியைத் தட்டினார்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் அக்காவுடைய பொறுப்பாக மட்டும் இருக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்த பெண்கள் ஒழுகும் கூரையைக் கண்டார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இல்லாததைக் கண்டார்கள். வீட்டில் போய்ச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன்மார் குழி தோண்டினார்கள், தகரம் மாற்றினார்கள். அதுவரை பிள்ளையை அனுப்புவதோடு சரி என்றிருந்த தோட்டம், அதைத் தன் பள்ளிக்கூடமாகப் பார்க்கத் தொடங்கியது. ஒருவர் சம்பளமில்லாமல் போய் உட்கார்ந்ததால் வந்த பலன், அந்தப் பெண்களின் படிப்பைவிடப் பெரியது என்று இன்று நினைக்கிறேன்.

பின்னர் அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்று, முதன்முறையாக ஓர் ஆசிரியை வந்தார். அந்த வாரமே அக்கா மெஷினை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு வருத்தம்? டீச்சர் ஒருத்தர் வரட்டும்னுதானே உக்காந்திருந்தேன்."

கடைசிக் காலத்தில் அக்காவின் இதயம் பலவீனப்பட்டது. அதிகம் வருந்தாமல், ஒரு விடியற்காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் அமைதியாகக் கண்மூடினார். அன்று உடலைத் தூக்கி வந்தவர்களுக்கும், வண்டி கொடுத்து உதவிய பண்டாரவளைக் கடைக்காரருக்கும், எட்டாம் நாள்வரை அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், பிள்ளைகளோடு வந்து நின்ற செல்வமணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தை வைத்துக்கொண்டே தம் பெண்களை அனுப்பிய தாய் தகப்பன்மாருக்கு அது. அக்காவை யாராவது புகழ்ந்தால் அவர் உங்களைத்தான் காட்டுவார். "நான் சும்மா உக்காந்திருந்தேன். அனுப்புனது அவங்கதான்," என்பார்.