மஞ்சத் தண்ணி குடித்த கரி பஸ்

உடைமரக் கரி கனன்று வரும்போது ஒரு வாசனை எழும். அதோடு மல்லிகைப்பூ வாசனையும் கலந்தால்... எனக்கு இன்றைக்கும் அதுதான் கல்யாண வாசனை!

அப்போது யுத்த காலம். எனக்குப் பத்து வயது. பெட்ரோலுக்கு ரேஷன்.

தூத்துக்குடியில் என் சித்தப்பா ஒரே ஒரு பஸ் வைத்து அவரே ஓட்டிவந்தார். கட்டுப்படியாகாமல், பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு டிரம் ஒன்றை மாட்டிவிட்டார். அதில் கரியைக் கொட்டி, கீழே தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்று கொடுத்தால் கேஸ் வரும். அந்த கேஸில் பஸ் ஓடும். பெட்ரோல் செலவில் பாதிகூட இல்லை. ஊரே "கரி பஸ்" என்று கேலி செய்தது. சித்தப்பாவுக்கோ ஏரோப்ளேன் ஓட்டுகிற நினைப்பு!

அந்த பஸ்ஸில்தான் என் அக்கா செல்லக்கனியின் கல்யாணத்துக்குக் குலசேகரன்பட்டினம் கிளம்பினோம். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான்.

டிரம் மாட்டுவதற்கு முன்னால், முதலில் குறித்த நாளில் பெட்ரோல் கிடைக்காமல் கல்யாணம் நின்றுபோயிருந்தது. "இந்த முகூர்த்தமும் தவறுனா சம்மந்தமே வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பிவிட்டார். பத்தரைக்குள் தாலி ஏறியாக வேண்டும். அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கிளம்பும்போது அத்தை ஆரத்தி எடுத்தாள். பஸ்ஸுக்கு முன்னால் சுற்றியதோடு விட்டாளா? பின்னால் கட்டியிருந்த கரிமூட்டைகள் மேல் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரையும் மொத்தமாக ஊற்றினாள்.

"கரிதானலே பஸ்ஸுக்குச் சோறு... அதுக்கும் மங்கலம் வேண்டாமா?"

நல்ல காரியம், யாரும் தடுக்கவில்லை. சித்தப்பாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

ஆத்தூர் தாண்டியதும் டிரம்மில் கரி தீர்ந்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். கேஸ் வரவில்லை. வெள்ளையாக ஆவிதான் வந்தது. பஸ் நின்றுவிட்டது.

ஆம்பிளைகள் எல்லாரும் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். ம்ஹூம்... அத்தை மஞ்சள் தண்ணீர்க் குடத்தை மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

அப்போதுதான் ரோட்டோர உடைமரக் காட்டுக்குள் புகை தெரிந்தது. கரி சுடுகிற புகை! பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அக்கா ஓடினாள். பின்னாலேயே நான்.

அங்கே ஒரு அம்மா தனியாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும்,

"துட்டெல்லாம் வேண்டாம் தாயி. நான் பஸ்ஸுல ஏறுனதே இல்ல... என்னையும் ஏத்திக்கிடுதியா?"

சித்தப்பா அந்த அம்மாவை முன் சீட்டிலேயே ஏற்றினார். கல்யாணப்பெண் என்று பார்க்காமல் அக்காவும் இரண்டு கையாலும் கரியை அள்ளிப் போட்டாள். பஸ் ஒரு உறுமல் உறுமியது பாருங்கள்... நாங்கள் போட்ட குலவை திருச்செந்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்!

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா. அக்காவின் கைகள் முழங்கை வரை கறுப்பு.

"ஏளா, இது என்ன கை?"

எங்களுக்கு உயிரே போய்விட்டது.

"நாந்தான் கரியள்ளிப் போட்டேன் அத்தை... நேரமாயிட்டுல்லா."

அவர் படியிறங்கி வந்தார். தன் முந்தானையாலேயே அந்தக் கைகளைத் துடைத்துவிட்டார்.

"இப்படி ஒரு பிள்ளையவா வேண்டாம்னு சொல்லப் பாத்தேன்!"

தாலி ஏறியபோதும் அக்காவின் நகக்கண்ணில் கரி இருந்தது.

போன மாதம் அக்காவின் பேரன் தன் காரை கேஸுக்கு மாற்றிக்கொண்டு வந்தான். செலவு மிச்சமாம். புகையும் இல்லை, வாசனையும் இல்லை... எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். "சின்னாச்சி, ஆரத்தி எடுங்க" என்றான்.

"கேஸு எங்கனலே இருக்கு?"

"டிக்கியில."

முன்பக்கம் மட்டும் சுற்றினேன். மஞ்சள் தண்ணீரைத் தெருக்கோடி வரை கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். அன்றைக்கு அந்தக் கரி கிடைக்காமல் போயிருந்தால் இவன் ஏது, இந்தச் சிரிப்பு ஏது... அச்சு அசல் அக்காவின் சிரிப்பு!