லிப்டு வைத்த ஜீப்பு

கூட்டேரிப்பட்டில் தென்னரசுவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவன் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவன் விட்டால்தானே!

பதினோரு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பழைய ஜீப்பு ஒன்றை வாங்கினவன். அப்பனும் ஆத்தாளும் கழனி வேலைக்குக் கால்நடையாய்ப் போனவர்கள். மகன் அதே வேலைக்குப் போகிற பெண்களை வண்டியில் ஏற்றிப் போனான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற காலத்தில் தினமும் பன்னிரண்டு பேர், திண்டிவனம் பக்கத்துக் கொல்லைகளுக்கு. அவன் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பன்னிரண்டு பேரால்தான். புத்தியுள்ளவன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

இவனோ செல்போனில் எவனோ பனிமலையில் உயரமான வண்டி ஓட்டுவதைப் பார்த்தான். அன்றிலிருந்து தன் வண்டி அவனுக்குக் குள்ளமாகத் தெரிந்தது. நம் பக்கம் ஏதப்பா பனிமலை? மயிலம் குன்றுக்கே தார் ரோடு போட்டாகிவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் மூன்று நாள் கிடந்தான். மெக்கானிக் கோகுலகிருஷ்ணன் வில்லுப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை சொருகி, நீளமான ஷாக்கு மாட்டி, வண்டியின் உடம்பை அரைச்சாண் தூக்கிக் கொடுத்தான். இதற்கு லிப்டு கிட்டு என்று பெயராம். ஏறுவதற்கு இருந்த பின்படி அழகைக் கெடுக்கிறதென்று தென்னரசு அதையும் கழற்றச் சொன்னான்.

செய்தவனே எச்சரித்தான்: "அண்ணே, உடம்புதான் மேல போயிருக்கு. அச்சும் அதுல இருக்கிற பல்சக்கர உருண்டையும் பழைய ஒசரத்துலதான் இருக்கு. பெரிய டயரு போட்டாத்தான் அது ஏறும். வளைவுல ஜல்தியா ஒடிக்காதீங்க, சாயும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்.சி. வாங்கப் போனா இதக் கழட்டச் சொல்லுவாங்க."

காது இருக்கிறவனுக்கல்லவா சொல்ல வேண்டும்!

ஊருக்குள் ஒரே ஒரு சொல்தான் போய்ச் சேர்ந்தது. தென்னரசு வண்டிக்கு லிப்டு வைத்திருக்கிறான். பன்னிரண்டு பேருக்கும் மூத்தவள் வீரம்மாள், முழங்கால் தேய்ந்தவள். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரி லிப்டில் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கிறாள். "பட்டன அமுக்குனா போதும்டி, நம்மள அதுவே தூக்கி உள்ள வெச்சிடும். புள்ளைக்கு நம்ம மேல இன்னா அக்கற!" என்று வீடு வீடாய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஜீப்பு டீக்கடை முன்னால் வந்து நின்றது. வீரம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எங்கடா லிப்டு?"

"இதான் பெரியம்மா. வண்டியே தூக்கினு நிக்குது பாரு!"

"வண்டியவா தூக்குன? அதுக்கு இன்னாடா, முட்டி வலியா?"

டீக்கடையே சிரித்தது. "நம்மளத் தூக்குவான்னு பாத்தா, நமக்கு எட்டாம தூக்கி வெச்சிக்கினு வந்துகிறான்" என்றாள் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான வடிவு.

டீக்கடை நாற்காலியைப் போட்டு, ஒருத்தியை மேலே இருந்து இழுத்து, இன்னொருத்தியைக் கீழே இருந்து தள்ளி, எப்படியோ ஏற்றினான். முதல் வளைவிலேயே ஜீப்பு தொட்டிலாய் ஆடியது. வடிவு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கொல்லைப் பாதையில் துருத்திக்கொண்டிருந்த கல் பின் அச்சில் டங்கென்று இடித்தது.

"அதான் தூக்கிட்டியே, அப்பறம் இன்னாடா இடிக்குது?" என்றாள் வீரம்மாள்.

தென்னரசு அடுத்த கல்லைச் சுற்றி வண்டியை ஒடித்தான்.

கொல்லைக்கு வந்ததும் ஒருத்தியாலும் இறங்க முடியவில்லை. நாற்காலி டீக்கடையிலேயே நின்றுவிட்டது. கொல்லைக்காரர் வரப்பிலிருந்து கத்தினார். வேறு வழியில்லாமல் தென்னரசு மண்ணில் கையை ஊன்றிக் குனிந்தான். பன்னிரண்டு பேரும் அவன் முதுகில் கால் வைத்து இறங்கினார்கள். "ஆடாத நில்லுடா" என்று அதட்டியபடி வீரம்மாள் கடைசியாக இறங்கினாள்.

அடுத்த நாள் காலை அத்தனை பேரும் அதே ஊர் முருகையனின் குட்டி யானை வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.  தென்னரசு ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"பெரியம்மா, நாலு நாளு போனா பழகிடும்."

"எங்க காலு உன் வண்டிக்குப் பழகணுமா? போடா பேஜாரு. மொதல்ல நீ அத எறக்கினு வா, அப்பறம் நாங்க ஏறுறதப் பத்திப் பேசலாம்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அரைச்சாண் பெருமையை விட மனமில்லாமல் எட்டு நாள் காலி ஜீப்பை ஓட்டினான். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் ஈ உட்கார்ந்து போனது. ஒன்பதாம் நாள் விழுப்புரத்துக்குப் போய்க் கட்டையைக் கழற்றி, படியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு வந்தான்.

விடிந்ததும் ஐந்து பேர்தான் வந்தார்கள். வீரம்மாள் படியில் ஒரு காலை வைத்து, அழுத்திப் பார்த்து, ஏறி உட்கார்ந்தாள். தென்னரசு சாவியைப் போட்டுவிட்டு, வடிவும் மற்றவர்களும் வருகிற தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுங்க முருகையன் வண்டிக்கே பழகிட்டாளுங்க, வரமாட்டாளுங்க" என்றாள் வீரம்மாள். "வண்டிய எடு."